குடிநீர் மீட்டர்: ஊர் ஏன் நம்ப மறுக்கிறது?

கேள்வி: எங்கள் ஊராட்சியில் வீட்டுக் குழாய்களுக்கு மீட்டர் மாட்டும் யோசனை வந்ததும், ‘காற்றுக்கும் காசு கேட்பார்கள்’ என்று ஊரே எதிர்க்கிறது. நான் என்ன செய்யலாம்?
– வார்டு உறுப்பினர், தென்காசி மாவட்டம்

பதில்: காற்றுப் பேச்சை வதந்தி என்று தள்ளிவிடாதீர்கள், அதில் உண்மை இருக்கிறது. விட்டுவிட்டுத் தண்ணீர் வரும் ஊரில், தொட்டி வால்வைத் திறந்ததும் வெற்றுக் குழாயில் இருக்கும் காற்றுதான் முதலில் வெளியேறும். திறந்து கிடக்கும் குழாய் வழியே அது போகும்போது மீட்டரும் சுற்றும். மேட்டுத் தெருவில் காற்றை வெளியேற்றும் ஏர் வால்வு பொருத்தாமல் மீட்டர் மாட்டினால் முதல் மாதமே சண்டைதான்.

ஒரே ஒரு தெருவில் மூன்று மாதம், காசு வாங்காமல் ஓடவிடுங்கள். தண்ணீர் சீரான பிறகு, 10 லிட்டர் கோடு போட்ட பக்கெட்டில் இருபது முறை பிடித்தால் மீட்டரில் 200 லிட்டர் ஏற வேண்டும். லிட்டரைக் காட்டும் சிவப்பு இலக்கங்களைப் பாருங்கள். பக்கெட்டைப் பிடிப்பவர் அதிகம் சந்தேகப்படுகிறவராகவே இருக்கட்டும். தலைக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் கணக்கில், நான்கு பேர் வீட்டுக்கு 30 நாளில் 6,600 லிட்டர், அதாவது 6.6 யூனிட். மீட்டர் அதைவிட வெகுவாக ஏறினால் கசிவா, காற்றா என்று தேடுங்கள்.

முதலில் ஓட்டிக் காட்டிவிட்டுக் கேட்பது பலன் தரும்: ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் வாகன நெரிசலைக் குறைக்கும் கட்டணத்தை 2006 ஜனவரி முதல் ஜூலை வரை வசூலித்துக் காட்டிய பிறகே, செப்டம்பரில் மக்களிடம் வாக்கு கேட்டார்கள், நகர மக்கள் ஏற்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஒத்திகையே இல்லாமல் கேட்டதற்கு முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள்.

பிறகு கிராம சபை. ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கான படிவம் 30-ஐ மேசையில் வைத்தால் போதாது; மோட்டார் கரண்ட் பில், தொட்டி ஆபரேட்டர் சம்பளம், தண்ணீர் வரி வசூல் மூன்றையும் வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். நம்பிக்கை கெடுவது பெரும்பாலும் தீர்மான நோட்டில்தான்: கையெழுத்தை முதலில் வாங்கிவிட்டுத் தீர்மானத்தைப் பிறகு எழுதுவார்கள். எழுதி, வாசித்து, கடைசி வரிக்குக் கீழே கோடு போட்ட பிறகே கையெழுத்து.

கேள்வி: கிராம சபைக் கூட்டத்தில் குறைந்தபட்சம் எத்தனை பேர் இருக்க வேண்டும்? தீர்மான நகலை எப்படிப் பெறுவது?
– வாசகி, தென்காசி

பதில்: மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. நகல் தர மறுத்தால், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கூட்டத் தேதி, தீர்மான எண் இரண்டையும் குறிப்பிடுங்கள். ‘எல்லாத் தீர்மானங்களும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் இழுத்தடிப்பார்கள். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.