கேப்டன் அமெரிக்கா அரசியல் பேசாத காலம் எது?

தேசபக்தி சூப்பர் ஹீரோ கதைகளில் இப்போதைய எழுத்தாளர்கள் அரசியலைத் திணித்துக் கெடுத்துவிட்டார்களே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். படங்கள் பார்த்துவிட்டு காமிக்ஸ் பக்கம் வந்தவர் நீங்கள் என்று நினைக்கிறேன். பலரும் அப்படித்தான் வருகிறார்கள்.

ஆனால் இது இப்போது தொடங்கிய சங்கதி இல்லை. அமெரிக்கக் கொடியையே உடையாகப் போட்ட காமிக்ஸ் நாயகன் கேப்டன் அமெரிக்கா, தன் முதல் இதழின் அட்டையிலேயே ஹிட்லரின் முகத்தில் குத்து விடுகிறார். அந்த இதழ் கடைக்கு வந்தது 1940 டிசம்பரில். அமெரிக்காவைப் போருக்குள் இழுத்த ஜப்பானின் பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. நாம் ஏன் ஐரோப்பியச் சண்டைக்குப் போக வேண்டும் என்று அமெரிக்காவிலேயே பெரிய கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தது. உருவாக்கிய ஜோ சைமன், ஜாக் கிர்பி இருவரும் யூதர்கள். அவர்களுக்கு மிரட்டல்கள் வந்தன.

இந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைக்கக் காரணம் என் அத்தான். 2016 கோடையில் டெக்சாஸில் அக்கா வீட்டில் இருந்தேன். ஸ்டீவ் ரோஜர்ஸ் (கேப்டனின் நிஜப் பெயர்) 'ஹெய்ல் ஹைட்ரா' என்று சொல்லும் இதழ் அப்போதுதான் வந்திருந்தது. ஹைட்ரா என்பது கதையில் வரும், நாஜிகளோடு சேர்த்துப் பார்க்கப்படும் வில்லன் கும்பல். அத்தான் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கத்தினார். "கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்துக் குடியுரிமை வாங்கியவன் மாப்ளே நான். இந்தக் கொடியைப் போட்டவனைப் போய் நாஜி ஆக்குறானுங்களா?"

அவர் கோபம் பொய்யில்லை. எனக்கும் அந்தக் கதை பிடிக்கவில்லை. கேப்டனின் பழைய நாஜி எதிரி ரெட் ஸ்கல், நிஜத்தையே மாற்றும் சக்தி கொண்ட காஸ்மிக் கியூப் மூலம் ரோஜர்ஸின் கடந்த காலத்தையே மாற்றிவிட்டான் என்று அடுத்த இதழில் காரணம் சொன்னார்கள். சரி, இருந்தாலும் மனசு ஆறவில்லை. யூதர்கள் இருவர் நாஜிகளுக்கு எதிராக உருவாக்கிய பாத்திரம் அது.

ஆனால் அத்தான் அடுத்துச் சொன்னதுதான் பொறுக்கவில்லை: அந்தக் காலத்தில் இதெல்லாம் சுத்தமாக இருந்ததாம். ஸ்டீவ் எங்கல்ஹார்ட் எழுதிய கேப்டன் அமெரிக்கா 175-ஆம் இதழின் மறுபதிப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். 1974-இல் வந்தது. ரகசியக் கும்பலின் தலைவனைக் கேப்டன் துரத்துகிறார். அவன் ஓடி நுழையும் இடம் வெள்ளை மாளிகை. முகமூடியைக் கழற்றியதும் கேப்டன் அதிர்ந்து நிற்கிறார், நமக்கு மட்டும் அந்த முகத்தைக் காட்டுவதில்லை. அவன் அங்கேயே தன்னைச் சுட்டுக்கொள்கிறான். மனதில் இருந்தது அப்போதைய அமெரிக்க அதிபர் நிக்சன்தான் என்று எங்கல்ஹார்ட் பின்னாளில் சொல்லிவிட்டார். அட்டையில் ஜூலை 1974 என்று இருக்கும். ஆகஸ்டில் நிஜ நிக்சன் பதவி விலகினார். கேப்டனோ மனமுடைந்து உடையைக் கழற்றி வைத்துவிட்டு, சில இதழ்கள் 'நோமாட்' என்ற பெயரில் திரிந்தார்.

அத்தான் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்பவே கெடுத்துட்டானுங்க" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

இதைப் படித்துவிட்டு என்னை அமெரிக்க எதிர்ப்பாளன் என்றோ இடதுசாரி என்றோ யாரும் முத்திரை குத்த வேண்டாம். எழுத்தாளர்கள் செய்வதெல்லாம் சரி என்றும் சொல்லவில்லை. 2010-இல் 602-ஆம் இதழில் டீ பார்ட்டி என்ற வலதுசாரி இயக்கத்துக்காரர்களின் ஊர்வலத்தை வரைந்து, நிஜப் போராட்டத்தில் இருந்த பதாகை வாசகத்தையே அதில் போட்டார்கள். இதழை வெளியிடும் மார்வெல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கேட்க வேண்டியதுதான். சாதாரண மக்களைக் கேலிப்பொருள் ஆக்குவது வேறு, அதிகாரத்தில் இருப்பவரைக் கேள்வி கேட்பது வேறு. எங்கல்ஹார்ட் செய்தது இரண்டாவது. ராணுவத்தில் சேர்ந்து, மனசாட்சிப்படி போரை மறுத்து வெளியே வந்தவர் அவர். நாட்டின் மேல் அக்கறை இல்லாதவர் அப்படி எழுத மாட்டார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். என் சேகரிப்பில் ஒரு பெட்டியை எங்கள் ஊர் நூலகம் ஒன்றுக்குக் கொடுத்தேன். பட்டியலில்கூடச் சேர்க்காமல், "பொம்மை புக்குதானே" என்று எடைக்குப் போட்டுவிட்டார்கள். ஐம்பது வருடமாகப் பெரியவர்கள் சண்டை போடும் கதைகள் இவை. நம் ஊரில் இன்னும் பொம்மை புக்குதான்.

நீங்கள் 153 முதல் 156 வரையுள்ள இதழ்களில் தொடங்குங்கள். 1950-களில் கம்யூனிஸ்ட் வேட்டையாடிய கேப்டன் உண்மையில் வேறொரு ஆள், வெறி முற்றியவன் என்று எங்கல்ஹார்ட் 1972-இல் எழுதியது அங்கேதான் இருக்கிறது. அப்புறம் 175.