இனிப்பூட்டி ஒவ்வாமையா, வயிற்று உபாதையா?

கேள்வி: சர்க்கரை இல்லாத சூயிங்கம் மென்றால் உதட்டோரம் அரித்துத் தடிக்கிறது. சில நாள் வயிறு உப்பிப் பேதியும் ஆகிறது. செயற்கை இனிப்பூட்டி ஒவ்வாமையா இது?

பதில்: இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். வயிற்றுக் கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் இந்தச் சூயிங்கத்தில் சேர்க்கும் சார்பிட்டால் என்ற இனிப்பூட்டி. சிறுகுடல் அதை முழுதாக உறிஞ்சுவதில்லை. மிச்சம் பெருங்குடலில் நீரை இழுத்துக்கொள்கிறது, பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து வாயு உண்டாக்குகின்றன. நாளுக்கு 10 கிராமிலேயே சிலருக்கு உப்புசம் வரும். 20 கிராம் தாண்டினால் பேதி ஆகலாம். ஒரு சூயிங்கத்தில் ஒரு கிராமுக்கு மேலேயே இருக்கக்கூடும். இது ஒவ்வாமை அல்ல, அளவைக் குறைத்தால் போதும்.

உதட்டு அரிப்பை அப்படி விட்டுவிடக் கூடாது. இனிப்பூட்டிக்கு உண்மையான ஒவ்வாமை அபூர்வம். முதலில் சந்தேகிக்க வேண்டியது புதினா எண்ணெயையும் லவங்கப்பட்டை வாசனையையும்தான். இரண்டும் பற்பசையிலும் இருக்கும், அதனால் சூயிங்கத்தை மட்டும் நிறுத்தினால் விடை கிடைக்காது. இனிப்பூட்டிகளில் எரித்ரிட்டாலைக் கவனியுங்கள். அதனால் உடல் முழுக்கத் தடிப்பும் மூச்சுத்திணறலும் வந்தவர்கள் உண்டு. ஸ்டீவியா (சீனித்துளசி) என்று விற்கும் இனிப்புப் பொடிகள் பலவற்றில் பெரும்பங்கு எரித்ரிட்டால்தான்.

பொட்டலத்தின் பின்பக்கம் கடுகளவு எழுத்தில் எண் மட்டுமே இருக்கலாம்: 420 சார்பிட்டால், 950 அசிசல்ஃபேம், 951 அஸ்பார்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 968 எரித்ரிட்டால். இருமல் மருந்து, மென்று தின்னும் மாத்திரை, வாய் கொப்பளிக்கும் திரவம் இவற்றையும் விடாமல் பாருங்கள்.

இரண்டு வாரம் சூயிங்கத்தை நிறுத்தி, புதினா, லவங்கப்பட்டை இரண்டும் இல்லாத பற்பசைக்கு மாறுங்கள். அரிப்பு வந்தால் எதைப் பயன்படுத்தி எத்தனை நிமிடத்தில் வந்தது என்று குறித்து, அந்தப் பொருளின் உறையையும் கத்தரித்து வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் வந்தால் மருத்துவர் தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் ஊசிக்குத்துச் சோதனை செய்வார். மறுநாளோ அதற்குப் பிறகோ வந்தால் முதுகில் இரண்டு நாள் ஒட்டிவைக்கும் பட்டைச் சோதனை. அரிப்பை அடக்கும் மாத்திரை ஊசிக்குத்துச் சோதனையின் முடிவை மறைத்துவிடும். எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்று முன்பே கேளுங்கள்.

நாக்கோ தொண்டையோ வீங்கினாலும், மூச்சு இளைத்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அப்படி ஒருமுறை வந்தவர் அந்தப் பொருளை வீட்டில் மறுபடி வாயில் வைத்துப் பார்க்கவே கூடாது.

கேள்வி: பொட்டலத்தில் ‘ஃபீனைல்அலனின் உள்ளது’ என்ற எச்சரிக்கை ஒவ்வாமைக்காகவா?

பதில்: இல்லை. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறை உள்ளவர்களுக்கானது அது. அவர்கள் உடலால் புரதத்தின் கூறான ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைச் சரியாகச் சிதைக்க முடியாது. அஸ்பார்டேம் செரிக்கும்போது இது வெளிவருகிறது.