ஆர்.என்.ஏ. வைரஸ் தன்னைப் படியெடுப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: நம் செல்லிலேயே ஆர்.என்.ஏ. இழையை எழுதும் நொதியான ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் இருக்கிறதே, வைரசுக்குத் தனியாக எதற்கு?

பதில்: நல்ல கேள்வி. நம் பாலிமரேஸ் டி.என்.ஏ.வைப் பார்த்துத்தான் ஆர்.என்.ஏ. எழுதும். வைரசின் நீண்ட ஆர்.என்.ஏ.வைப் பார்த்து இன்னோர் ஆர்.என்.ஏ. எழுத அது உதவாது. அதனால் அந்த நொதிக்கான மரபணுவை வைரஸ் தானே சுமக்கிறது. போலியோவின் ஆர்.என்.ஏ. நேர்மறை இழை; செல்லில் புரதம் செய்யும் ரைபோசோம் அதை நேரே படித்துப் புரதமாக்கிவிடும், நொதியும் அதிலேயே பிறக்கும். ரேபிசுடையது எதிர்மறை இழை. ரைபோசோமால் படிக்க முடியாது. ஆகவே தயாரான நொதி வைரஸ் துகளுக்குள்ளேயே வந்தாக வேண்டும். வெறும் போலியோ ஆர்.என்.ஏ.வைச் செல்லுக்குள் செலுத்தினால் புது வைரஸ் உருவாகும். வெறும் ரேபிஸ் ஆர்.என்.ஏ.வைச் செலுத்தினால் ஒன்றும் நடக்காது.

கேள்வி: அந்த நொதியின் வடிவம்?

பதில்: பாதி மூடிய வலக்கை போல. விரல்கள், உள்ளங்கை, கட்டைவிரல் என்றே அதன் பகுதிகளைச் சொல்கிறோம். வினை நடப்பது உள்ளங்கையில். அங்கே இரண்டு மக்னீசியம் அயனிகள். சரியான நியூக்ளியோடைடு, அதாவது ஆர்.என்.ஏ.வின் அடுத்த எழுத்து, வந்து ஜோடி சேர்ந்ததும் அதிலிருந்து பைரோபாஸ்பேட் என்ற துண்டு கழன்றுபோகும். இழை ஓர் எழுத்து நீளும்.

கேள்வி: எச்.ஐ.வி.யும் இப்படித்தானா?

பதில்: இல்லை. அதில் இருப்பது ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ. செய்யும் வேறு வகை நொதி; விஞ்ஞானிகள் டெமினும் பால்டிமோரும் 1970இல் கண்டறிந்த வகை.

கேள்வி: மருந்துக்குத் தப்பத்தானே வைரஸ் உருமாறுகிறது?

பதில்: தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். படியெடுக்கும்போது பிழை தானாக விழுகிறது. மருந்து இருக்கும் இடத்தில் அதைத் தாங்கும் திரிபு மிஞ்சுகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: தடுப்பூசியைப் பார்த்து உருமாறுகிறதாமே?

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பிழை கூடினால் வைரசுக்கு லாபம்தானே?

பதில்: ஓரளவுக்குத்தான். பல ஆர்.என்.ஏ. வைரஸ்களில் 10,000 முதல் 10,00,000 எழுத்துக்கு ஒரு பிழை விழுகிறது. பெரும்பாலானவை கெடுதலே செய்யும். மோல்னுபிராவிர் மருந்து பிழையைக் கூட்டித்தான் வைரசை அழிக்கிறது.

மறுப்பு: அப்படியானால் துல்லியமான வைரஸ் வலுத்திருக்க வேண்டுமே!

பதில்: இதைத்தான் எதிர்பார்த்தேன். போலியோ பாலிமரேசில் 64ஆம் இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் செரின் என்ற இன்னொன்றாக மாறினால் துல்லியம் கூடுகிறது. ஆனால் அந்த வைரஸ் எலிகளில் வீரியம் குறைந்துபோகிறது. திரிபுகளின் பன்மை சுருங்கியதே காரணம் என்பது ஒரு தரப்பு. அந்த நொதி வேகத்திலும் பின்தங்கியது, வேகம்தான் காரணம் என்பது மறுதரப்பு. எனக்கு இரண்டாவதே வலுவாகப் படுகிறது.

மறுப்பு: கொரோனா பிழை திருத்துமே, அது வலுவிழக்கவில்லையே?

பதில்: அதன் மரபுத்தொகுதி ஏறத்தாழ 30,000 எழுத்து, போலியோவைப் போல நான்கு மடங்கு. அவ்வளவு நீளத்தைத் திருத்தாமல் காப்பது கடினம். திருத்துவதும் பாலிமரேஸ் அல்ல, என்.எஸ்.பி.14 என்ற தனிப் புரதம்.

கேள்வி: ரெம்டெசிவிர் நான் எடுக்கலாமா?

பதில்: உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.