'ப்ளீஸ் ப்ளீஸ் மீ': முதலிடமா, இரண்டாமிடமா?

கேள்வி: வினாடி வினா ஒன்றுக்குக் கேள்விகள் தயாரிக்கிறேன். பீட்டில்ஸின் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' பாடல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது என்கிறது ஒரு புத்தகம். இரண்டாமிடம்தான் என்கிறது இன்னொன்று. எதை விடையாக வைப்பது?

பதில்: இரண்டுமே சரிதான். சிக்கல் என்னவென்றால், 1963-ல் பிரிட்டனில் பொதுவான தரவரிசை என்று ஒன்று கிடையாது. நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ், மெலடி மேக்கர், ரெக்கார்ட் ரீடெய்லர் எனப் பத்திரிகைக்கு ஒரு பட்டியல் வந்துகொண்டிருந்தது.

பட்டியல் போடும் வழக்கத்தை அங்கே தொடங்கிவைத்தது நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ். 1952 நவம்பரில் அதன் ஊழியர் பெர்சி டிக்கின்ஸ் சுமார் 20 இசைத்தட்டுக் கடைகளுக்குப் போன் போட்டு, எது நன்றாக விற்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டார். முதல் பட்டியலில் 12 இடங்கள். சில பாடல்கள் சமநிலையில் இருந்ததால் மொத்தம் 15 பாடல்கள் வந்தன! பிற்பாடு கடைகளின் எண்ணிக்கை கூடினாலும் வேலை நடந்த விதம் ஏறக்குறைய அதேதான். எந்தக் கடைகளைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து வரிசையும் மாறும்.

'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' வெளியானது 1963 ஜனவரி 11. பிப்ரவரி இறுதியில் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் பட்டியலில் அது ஃபிராங்க் ஐஃபீல்டின் 'தி வேவர்ட் விண்ட்' பாடலோடு முதலிடத்தைப் பங்கிட்டுக்கொண்டது. மெலடி மேக்கரிலும் முதலிடம். ரெக்கார்ட் ரீடெய்லரில் மட்டும் ஐஃபீல்ட் நகரவில்லை. பீட்டில்ஸ் இரண்டாமிடத்தோடு நின்றுவிட்டார்கள்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 1977-ல் வந்த கின்னஸ் ஹிட் பாடல் தொகுப்பு நூல், 1960 மார்ச்சுக்குப் பிந்தைய காலத்துக்கு ரெக்கார்ட் ரீடெய்லரை ஆதாரமாக எடுத்துக்கொண்டது. 50 இடங்கள் கொண்ட நீளமான பட்டியல் அதில்தான் இருந்தது. ஆனால் அது ஆரம்பத்தில் கேட்டது சுமார் 30 கடைகளை மட்டுமே. மற்ற இரண்டு பத்திரிகைகளும் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளை விசாரித்தன. என்னைக் கேட்டால், அன்றைய ரசிகர்களுக்கு அது முதலிடப் பாடல்தான். ஆனாலும் இன்றைய அதிகாரபூர்வப் பதிவு ரெக்கார்ட் ரீடெய்லரையே பின்பற்றுகிறது. முதலிடம் பிடித்த பீட்டில்ஸ் பாடல்களைத் திரட்டி 2000-ல் வெளியான '1' என்ற இசைத்தொகுப்பில் இந்தப் பாடல் இல்லாததற்கும் அதுதான் காரணம்.

ஆகவே "பீட்டில்ஸின் முதல் முதலிடப் பாடல் எது?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள், கட்டாயம் யாராவது சண்டைக்கு வருவார்கள். "பிரிட்டனின் அதிகாரபூர்வத் தரவரிசைப்படி" என்று கேள்வியிலேயே சேர்த்துவிடுங்கள். அப்போது விடை 'ஃப்ரம் மீ டு யூ', 1963 மே. 1969 பிப்ரவரியில் பிபிசியும் ரெக்கார்ட் ரீடெய்லரும் சேர்ந்து பொதுவான பட்டியலுக்கு ஏற்பாடு செய்தன. அதற்கு முந்தைய எந்தப் பாடலைப் பற்றிக் கேட்டாலும் பட்டியலின் பெயரைச் சொல்லிவிடுவது நல்லது.

அமெரிக்க எண்களை இதோடு கலக்க வேண்டாம். பில்போர்டு ஹாட் 100 விற்பனையோடு வானொலி ஒலிபரப்பையும் கணக்கில் எடுப்பது. 1963-ல் வீ-ஜே நிறுவனம் இந்தப் பாடலை அங்கே வெளியிட்டபோது அந்தப் பட்டியலுக்குள்ளேயே வரவில்லை. முதல் தட்டுகள் சிலவற்றில் குழுவின் பெயரையே எழுத்துப்பிழையோடு அச்சிட்டிருந்தார்கள்! 1964-ல் மறுபடி வெளியிட்டதும் மூன்றாமிடம் வரை போனது.