உப்புக்கு ஒரு புட்டி, நிறத்துக்கு ஒரு புட்டி

கேள்வி: கணவரின் வேலை காரணமாகப் பினாங்கில், ஆயர் ஈத்தாம் பகுதியில் ஆறு ஆண்டுகள் குடியிருந்தோம். பக்கத்து வீட்டு ஹொக்கியன் சீன அம்மா அடிக்கடி ஒரு கிண்ணத்தில் ‘தாவ் யூ பாக்’ கொடுத்தனுப்புவார். கரிய குழம்பில், வாயில் வைத்தால் கரையும் பன்றி இறைச்சியும் அவித்த முட்டையும் முழுப்பூண்டும் இருக்கும். அளவு கேட்டால் ‘அகாக் அகாக்’ என்று சிரிப்பார். கோயம்புத்தூருக்குத் திரும்பிய பின் மூன்று முறை செய்து பார்த்துவிட்டேன். முதல் முறை, நிறம் வரவில்லையே என்று சோயா சாஸை மேலும் மேலும் ஊற்றி, வாயில் வைக்க முடியாத உப்பாகிவிட்டது. இரண்டாம் முறை சோயாவைக் குறைத்து, ஐந்து அன்னாசிப்பூவும் கரம் மசாலாவும் சேர்த்தேன், கசந்தது. மூன்றாம் முறை குழம்பு பரவாயில்லை. ஆனால் இறைச்சி ரப்பராக இருந்ததோடு ஒரு வாடையும் வீசியது. உடன் வசிக்கும் மாமியாருக்கு இரத்த அழுத்தம் உண்டு. பன்றிக்கறி தின்றால் மூளைக்குப் பூச்சி ஏறும் என்றும் அஞ்சுகிறார். மிளகாய்த்தூள் போட்டு வறுத்தால் வம்பே இல்லை என்கிறார் கணவர். நான் எங்கே தவறுகிறேன்? இதே பாணியில் வேறு எதையாவது செய்யலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மூன்று தோல்விகளுக்கும் வேர் ஒன்றுதான். இந்த உணவை நீங்கள் நம் ஊர்க் குழம்பைப் போலவே அணுகியிருக்கிறீர்கள். நம் சமையலில் வதக்குவதிலும் அரைப்பதிலும் சுவை ஏறுகிறது. ஏதோ குறைகிறது என்று நாக்கு சொன்னால் இன்னும் ஒரு கரண்டி சேர்க்கிறோம், பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. தாவ் யூ பாக் அப்படிப்பட்டதன்று. ஹொக்கியன் மொழியில் ‘தாவ் யூ’ என்றால் சோயா சாஸ், ‘பாக்’ என்றால் இறைச்சி. பெயரிலேயே பக்குவம் அடங்கிவிட்டது. சோயா, சர்க்கரை, பூண்டு, நேரம் ஆகிய நான்குக்கும் மேல் சேர்ப்பவையெல்லாம் ஓரமாக நிற்க வேண்டியவை. அந்த அம்மா ‘அகாக் அகாக்’ என்றது எதையும் மறைப்பதற்காக அல்ல என்றே நினைக்கிறேன். நம் பாட்டிமார் சொல்லும் ‘கண்ணளவு’ என்பதற்கு அது நேரான மலாய்ச் சொல். ஆனால் கண்ணளவு என்பது அவரவர் வீட்டுப் புட்டிக்குப் பழகிய அளவு. உங்கள் கையில் இருப்பதோ வேறு புட்டி.

ஆகவே புட்டியிலிருந்து தொடங்குகிறேன். பினாங்கு வீடுகளில் இரண்டு சோயா சாஸ் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று ‘கிச்சாப் சாயிர்’, அதாவது நீர்த்த கிச்சாப். மற்றொன்று ‘கிச்சாப் பெக்காட்’, கெட்டியான கிச்சாப். நீர்த்தது உப்புக்கும் மணத்துக்கும் உரியது. கெட்டியானது கருப்பட்டிப் பாகைப் போல மெதுவாக வழியும். இனிப்பும் கருநிறமும் அதன் வேலை. நம் கடைகளில் ‘டார்க்’ என்ற சீட்டோடு விற்பவற்றில் சில, நிறமூட்டிய உப்புச் சாறாகவே இருக்கின்றன. அதில் நிறத்தைத் தேடி ஊற்றினால் ஒவ்வொரு கரண்டியோடும் உப்பும் ஏறும். உங்கள் முதல் முறை கெட்டது அப்படித்தான். ஒரு வெள்ளைத் தட்டில் நான்கு சொட்டு விட்டுத் தட்டைச் சாய்த்துப் பாருங்கள். நீர்த்தது சுவடில்லாமல் ஓடிவிடும். நல்ல கெட்டிச் சாஸ் ஓடிய வழியில் பழுப்புப் படலத்தை விட்டுச் செல்லும். சீட்டையும் படியுங்கள். நீர்த்த சாஸில் சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர் ஆகியவையே முதன்மையாக இருந்து, இயற்கையாக நொதித்தது என்றும் அச்சிட்டிருந்தால் அதை வாங்குங்கள். கெட்டிச் சாஸ் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். நிறத்தைச் சர்க்கரையிலிருந்தே எடுத்துவிடலாம், அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

ஒரு கிலோ இறைச்சிக்கு மூன்று மேசைக்கரண்டி நீர்த்த சாஸ், ஒரு மேசைக்கரண்டி கெட்டிச் சாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு உப்பு ஒரு கல்லும் வேண்டாம். தொடக்கத்தில் ருசி பார்த்தால் சப்பென்றுதான் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் தண்ணீர் வற்றிக் குழம்பு சுண்டும்போது உப்பு மட்டும் வற்றாமல் அப்படியே நிற்கும். ருசி பார்க்க வேண்டிய நேரம் இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன்பு. மாமியாருக்காக ஒரு கணக்கு: நீர்த்த சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ இரண்டரை கிராம் உப்பு இருக்கிறது. மேலே சொன்ன அளவில் சமைத்து ஆறு பேர் சாப்பிட்டால், குழம்பு முழுவதையும் தீர்த்தாலும் ஒருவருக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரை சேரும். பெரியவர்களுக்கு ஒரு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அவருக்கு மருத்துவர் இதைவிடக் குறைத்துச் சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. இறைச்சியையும் முட்டையையும் எடுத்துவைத்து, குழம்பை ஒரு கரண்டியோடு நிறுத்தி, அன்று ஊறுகாயையும் அப்பளத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்தது இறைச்சி. ரப்பராக இருந்ததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: தொடைக்கறியை வாங்கியிருப்பீர்கள், அல்லது பாதியில் இறக்கியிருப்பீர்கள். இதற்கு வேண்டியது வயிற்றுப் பகுதி, அதுவும் தோலோடு. தோல், கொழுப்பு, சதை என்று அடுக்கடுக்காக இருப்பதால் ஹொக்கியன்காரர்கள் அதை ‘மூன்றடுக்கு இறைச்சி’ என்றே அழைக்கிறார்கள். தோலிலும் சதைகளுக்கு நடுவிலும் உள்ள கொலாஜன் என்ற நார்ப்பொருள், மெல்லிய சூட்டில் நெடுநேரம் கிடந்தால்தான் இளகி, உதட்டில் ஒட்டும் பசையாக மாறும். நாற்பதாவது நிமிடத்தில் எடுத்துக் கடித்துப் பார்த்தால் இறைச்சி இறுகித்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பலரும் ‘வேகவைத்தது அதிகமாகிவிட்டது’ என்று அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். அங்கேதான் பொறுக்க வேண்டும். சீனாவின் சோங் பேரரசுக் காலக் கவிஞரும் அதிகாரியுமான சூ தோங்போ 1080-இல் ஹுவாங்சோவுக்கு ஒதுக்கி அனுப்பப்பட்டபோது, அவ்வூரில் பன்றி இறைச்சி மண்விலைக்குக் கிடைத்தும் செல்வர் அதைத் தொடுவதில்லை, ஏழைகளுக்குச் சமைக்கத் தெரியவில்லை என்று வருந்தியிருக்கிறார். அவர் சொன்ன பக்குவம், தீயைத் தணித்துத் தண்ணீரைக் குறைத்து, நேரம் ஆகும்வரை அவசரப்படுத்தாமல் விடுவது. ஹாங்சோவின் பெயர்பெற்ற தோங்போ இறைச்சி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தாவ் யூ பாக் அதன் எளிய உறவு என்றே நான் கருதுகிறேன்.

வாடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இதை ஆசையோடு தொடங்கிவிட்டுக் கைவிடுபவர்கள் பெரும்பாலும் வாடைக்கு அஞ்சித்தான் விடுகிறார்கள். தோலில் முடி பொசுக்கிய கருமை இருந்தால் கத்தியின் முதுகால் நன்றாகச் சுரண்டிக் கழுவுங்கள். பிறகு நான்கு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொதிநீரில் போடக் கூடாது, ஏனென்றால் தண்ணீரோடு சேர்ந்து மெதுவாகச் சூடானால்தான் உள்ளிருக்கும் இரத்தம் வெளியே வரும். கொதி வந்து ஐந்து நிமிடத்தில் சாம்பல் நிற நுரை திரண்டு நிற்கும். அந்தத் தண்ணீரை முழுவதும் கொட்டி, துண்டுகளை வெந்நீரில் அலசி வடித்துவிடுங்கள். இதற்குப் பின்னும் சிறுநீர் போன்ற ஒரு நெடி மிஞ்சினால் குற்றம் உங்கள் கையில் இல்லை. காயடிக்காமல் வளர்ந்த ஆண் பன்றியின் கொழுப்பில் அந்த நெடி தங்கியிருக்கும். சிலர் மூக்குக்கு அது தெரியவே தெரியாது, சிலருக்கோ அறை முழுவதும் வீசும். கொழுப்பிலேயே ஊறியிருப்பதால் இஞ்சியோ மஞ்சளோ அதைப் போக்காது. காயடித்த பன்றியா என்று கேட்டு வாங்குங்கள். பதில் சொல்லத் தயங்கும் கடையை மாற்றிவிடுங்கள்.

இனி அடுப்பு. அடி கனத்த பாத்திரத்தில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையும் போட்டு, சிறுதீயில் கிளறாமல் விடுங்கள். ஓரம் முதலில் உருகும். பாத்திரத்தைப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். வெளிறிய மஞ்சள் தேன் நிறமாகி, பிறகு செம்பழுப்பாகும். நுரை பெரிய குமிழியிலிருந்து சிறு குமிழியாக மாறும். கட்டஞ்சாயா நிறம் வந்த அந்தக் கணத்தில் இறைச்சியைக் கொட்டிப் புரட்டுங்கள். கெட்டிச் சாஸ் இல்லாதவர்கள் இன்னும் பத்து விநாடி பொறுக்கலாம். புகை எழுந்துவிட்டால் இரக்கப்படாமல் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். இரண்டு கரண்டி சர்க்கரைதான் நட்டம், கசந்த பாகில் ஒரு கிலோ இறைச்சியை வேகவைத்தால் எல்லாமே நட்டம். துண்டுகளில் நிறம் ஏறியதும் தோலுரிக்காத ஒரு முழுப்பூண்டு, இரண்டு சாஸ்கள், அரைக் கரண்டி வெள்ளை மிளகுத்தூள், ஒரே ஓர் அன்னாசிப்பூ, விரல் நீளப் பட்டை ஆகியவற்றைச் சேர்த்து, துண்டுகள் மூழ்கும்வரை வெந்நீர் ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பாகு சடக்கென்று இறுகிவிடும். கொதி வந்ததும் தீயை மிகக் குறைத்து, மூடியைச் சற்றே விலக்கி வைத்து ஒன்றரை மணி நேரம் விட்டுவிடுங்கள். குழம்பின் மேற்பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வெடித்தால் போதும். ஒரு மணி நேரம் ஆனதும் அவித்து உரித்த முட்டைகளையும் பொரித்த டோஃபுவையும் போடுங்கள். குச்சியால் தோலைக் குத்தினால் தடையின்றி இறங்க வேண்டும், அதுவே பதம்.

எரிவாயுவை மிச்சப்படுத்தக் குக்கரில் வைப்பதானால், முதல் விசிலுக்குப் பின் சிறுதீயில் பதினைந்து நிமிடம் வைத்து, ஆவி தானாக அடங்கியதும் திறந்து, இன்னும் இருபது நிமிடம் திறந்தபடியே சுண்டவிடுங்கள். மென்மை வந்துவிடும்; குழம்பின் பளபளப்பு சற்றுக் குறைவாகத்தான் இருக்கும்.

இரண்டாம் முறை கசந்ததற்கு ஐந்து அன்னாசிப்பூவே போதும். அது மிகுந்தால் மருந்து நெடியும் கசப்பும் தரும். கரம் மசாலாவில் உள்ள சீரகமும் தனியாவும் இங்கே அந்நியம். ஒன்றரை மணி நேரம் சோயாவில் கிடந்தால் அவை தூளாகவே கரைந்து குழம்பை மங்கலாக்கிவிடும். எந்த மணப்பொருளையும் முழுதாகப் போட்டு முழுதாக எடுத்துவிடுங்கள்.

மாமியாரின் அச்சத்தை அலட்சியம் செய்யாதீர்கள், அதில் பாதி உண்மை இருக்கிறது. சரியாக வேகாத பன்றி இறைச்சியில் நாடாப்புழுவின் இளம்புழுக் கூடுகள் இருந்தால், உண்டவரின் குடலில் புழு வளரும். மூளையில் கட்டி உண்டாக்குவது இறைச்சியில் உள்ளவை அல்ல. குடலில் புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து அழுக்குத் தண்ணீர், கழுவாத கை, பச்சைக் காய்கறி வழியாக வாய்க்குள் போகும் முட்டைகளே அதைச் செய்கின்றன. அதனால் இறைச்சியே தொடாதவர்களுக்கும் அந்நோய் வருகிறது. முழுத்துண்டு இறைச்சிக்கு உள்வெப்பம் 63 டிகிரி செல்சியஸும் அதன் பின் மூன்று நிமிட ஓய்வும், கொத்துக்கறிக்கு 71 டிகிரியும் வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அளவு. கொதிநிலைக்குச் சற்றே கீழே ஒன்றரை மணி நேரம் கிடக்கும் இந்தத் துண்டுகள் அதை எப்போதோ கடந்துவிடுகின்றன. வாங்கும்போது சதையில் அரிசிமணி போன்ற வெண்புள்ளிகள் தென்பட்டால் வாங்க வேண்டாம். பச்சை இறைச்சி வெட்டிய பலகையில் வெங்காயம் நறுக்கக் கூடாது. சமையலறையில் சோப்புப் போட்டுக் கை கழுவுவதை வீட்டில் எல்லாரும் பழகிக்கொண்டால் மாமியாரின் அச்சத்துக்கு நேரான விடை கிடைத்துவிடும்.

இதே பாணியில் வேறு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இருக்கும் ஊருக்கு மிகப் பொருத்தமானது வியட்நாமின் ‘தித் கோ’. தென் வியட்நாமில் சந்திரப் புத்தாண்டான தெத்தின்போது பெரிய பானையில் வைத்துப் பல வேளைக்குச் சூடாக்கி உண்பார்கள். பாகு, இறைச்சி, முட்டை எல்லாம் இதே முறைதான். தண்ணீருக்குப் பதில் இளநீர், சோயாவுக்குப் பதில் மீன் சாஸ். பொள்ளாச்சி இளநீர் வாசலில் கிடைக்கும் உங்களுக்கு அதைவிட என்ன வேண்டும்? மீன் சாஸ் என்பது நெத்திலியையும் உப்பையும் மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்த சாறு. சோயாவைவிட உப்புக் கூடியது, ஆகவே ஒரு கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டியில் தொடங்குங்கள். இளநீரின் இனிப்பு சுண்டச் சுண்டக் கூடும் என்பதால் பாகுக்கான சர்க்கரையையும் கொஞ்சம் குறைத்துவிடலாம். சீனாவில் இதே போலச் சோயாவில் வேகவைக்கும் பன்றி இறைச்சியான ‘ஹோங்ஷாவ் ரௌ’ செய்ய நினைத்தால், அங்கே பளபளப்புக்குப் போடும் பாறைச் சர்க்கரைக்குப் பதிலாக நம் கற்கண்டையே போடலாம். மூன்றாவதாக, நேரமில்லாத நாளுக்குத் தாய்லாந்தின் ‘பட் கப்ராவ்’ இருக்கிறது. பூண்டையும் மிளகாயையும் இடித்துப் பெருந்தீயில் புரட்டி, கொத்துக்கறியைப் போட்டு, சிவப்பு முழுவதும் மறைந்தபின் மீன் சாஸ் விட்டு, அடுப்பை அணைத்ததும் ஒரு கைப்பிடி இலை தூவுவார்கள். அந்தக் கப்ராவ் இலை நம் துளசியின் இனமேதான். துளசியை இறைச்சியோடு சேர்க்க உங்கள் வீட்டில் மனம் ஒப்பாது என்றால் அதை வற்புறுத்த வேண்டாம், இந்த உணவை விட்டுவிடுங்கள்.

முடிந்தால் தாவ் யூ பாக்கை ஒரு நாள் முன்னதாகவே செய்துவிடுங்கள். ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள், குளிர்பெட்டியில் வைத்தால் காலையில் கொழுப்பு மேலே வெள்ளைத் தகடாக உறைந்திருக்கும். அதைக் கரண்டியால் பெயர்த்து எடுத்துவிடலாம், அடியில் குழம்பு அல்வாவைப் போல நடுங்கும். வேண்டிய அளவை மட்டும் எடுத்துக் கொதிக்கச் சூடாக்குங்கள்.

கணவரின் காரத்துக்கும் வழி இருக்கிறது, ஆனால் பாத்திரத்துக்குள் அல்ல. பச்சை மிளகாயை வட்டமாக நறுக்கி, வெந்நீரில் ஒரு நொடி முக்கி எடுத்து, வினிகரும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் விட்டு ஓரிரவு ஊறவையுங்கள். மலேசியச் சாப்பாட்டுக் கடை மேசைகளில் சிறு கிண்ணங்களில் பார்த்திருப்பீர்களே, அதுதான். வெறுஞ்சோறு, மேலே இரண்டு கரண்டிக் கருங்குழம்பு, ஓரத்தில் அந்த மிளகாய் என்று அவருக்கு முதலில் பரிமாறிப் பாருங்கள்.