கப்பல் டூரா, நம்ம ஏற்பாடா? கரையிறங்கும் நாளுக்கான கேள்வி பதில்

உல்லாசக் கப்பல் காலையில் ஒரு துறைமுகத்தில் நிற்கும், சாயங்காலம் கிளம்பிவிடும். நடுவில் கிடைக்கிற எட்டு ஒன்பது மணி நேரத்தில் கப்பல் கம்பெனி விற்கும் டூரில் போவதா, நாமே இறங்கிச் சுற்றுவதா? நான் ஆறு வருடம் ஒரு கப்பலில் இந்த டூர்களை விற்கும் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன். இப்போது மதுரை திருநகரில் இருக்கிறேன். ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகளுக்கு, எனக்குச் சரி என்று பட்டதை மட்டும் சொல்கிறேன்.

அண்ணா நகரில் இருந்து ஒரு அக்கா: தம்பி, மே லீவில் சிங்கப்பூரில் கப்பல் ஏறி பினாங்கு, புக்கெட் போய்விட்டுத் திரும்புகிறோம். மாமியார், நாத்தனார், பிள்ளைகள் இரண்டு பேர் சேர்த்து மொத்தம் ஆறு பேர். கப்பல் டூருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கிறது. எடுத்தே ஆக வேண்டுமா?

அக்கா, பினாங்கில் வேண்டாம். புக்கெட்டில் எடுங்கள்.

பினாங்கில் கப்பல் வந்து நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை, ஜார்ஜ் டவுன் ஊரை ஒட்டியே இருக்கிறது. வாசலில் டாக்ஸிக்காரர்கள் வந்து மொய்ப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பதினைந்து நிமிடம் நடந்தால் லிட்டில் இந்தியா வந்துவிடும். அங்கே குயின் தெருவில் 1833-இல் எழுப்பிய மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. சுற்றிலும் பூக்கடை, பாத்திரக்கடை, வாழை இலைச் சாப்பாடு. உங்கள் மாமியார் தமிழிலேயே பேரம் பேசலாம். பினாங்கு மலை ரயிலில் ஏறப் பிள்ளைகள் ஆசைப்பட்டால் கிராப் செயலியில் ஆறு பேர் உட்காரும் வண்டியாகக் கூப்பிடுங்கள். கப்பல் டூருக்கு ஆறு தலைக்கும் காசு, வண்டிக்கு ஒரே வாடகை.

புக்கெட் கதை வேறு. மே மாதம் அந்தப் பக்கக் கடலில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் நேரம். பல கப்பல்கள் படோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டுவிட்டு, டெண்டர் என்கிற சின்னப் படகுகளில் ஆட்களைக் கரைக்கு அனுப்பும். டூர் எடுத்தவர்களுக்குத்தான் முதல் படகுகள். மற்றவர்கள் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும், காலைப்பொழுதில் பாதி அதிலேயே கரைந்துவிடும். கரை சேர்ந்த பிறகும் பஸ் வசதி குறைவு, டாக்ஸிக்காரர் சொன்னதுதான் விலை. பீ பீ தீவுக்கு நீங்களாக ஸ்பீட்போட் பிடித்துப் போவது அந்த மாதத்தில் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, இதை ஒரு தாளில் எழுதியே வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் ஒரே நேரம். தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். சில கப்பல்கள் கடிகாரத்தை மாற்றாமல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும். ஆனால் கரையில் கால் வைத்ததும் உங்கள் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்குப் போய்விடும். கப்பலில் ஐந்து மணி ஆகும்போது போன் நாலு என்று காட்டும்! முதல் வருடம் எனக்கே இது நடந்தது. கடற்கரையில் இளநீர் குடித்துக்கொண்டு இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் வந்த சமையற்கட்டுப் பையன் கையில் கட்டியிருந்த வாட்சைக் காட்டினான். பதினைந்து நிமிடம்தான் இருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். அதனால் போனை நம்பாதீர்கள். முள் வைத்த சாதாரண வாட்ச் ஒன்றைக் கப்பல் நேரத்துக்குத் திருப்பி வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

திருமங்கலத்தில் இருந்து ஒருவர்: அண்ணே, லேட்டாகப் போனால் கப்பல் நிஜமாகவே விட்டுவிட்டுப் போய்விடுமா? சும்மா பயமுறுத்துகிறார்களா?

போய்விடும் தம்பி. கப்பல் கிளம்புவது ஐந்து மணி என்றால், எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் பெரும்பாலும் நாலரை. டெண்டர் படகு ஊர்களில் கடைசிப் படகு அதற்கும் முன்னால்.

உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். இறங்கும்போதும் ஏறும்போதும் உங்கள் கப்பல் அட்டையைக் கருவியில் காட்டுவீர்கள். டிங் என்று சத்தம் வரும், காவலர் திரையில் உங்கள் படம் தெரியும். நேரம் முடிந்ததும், டிங் கேட்காத ஆட்களின் பட்டியல் தனியாக வந்துவிடும். பெயர் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். பதில் இல்லை என்றால் உங்கள் அறைக்குப் போய்ப் பெட்டகத்தில் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்த்து எடுத்து வந்து, துறைமுகத்தில் இருக்கும் கப்பல் ஏஜெண்டிடம் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் வடத்தைக் கழற்றுவார்கள். அதற்குமேல் நீங்கள் துறை மேடையில் நின்று கையை ஆட்டினாலும் பயன் இல்லை. பைலட் என்கிற வழிகாட்டி மாலுமி நேரம் குறித்து வந்திருப்பார், அந்த இடத்துக்கு அடுத்த கப்பலும் வர வேண்டியிருக்கும். கேப்டன் கல்நெஞ்சக்காரர் என்று நினைக்காதீர்கள்.

ஒரு தம்பதி அப்படி ஓடி வந்ததை மேல்தளத்தில் இருந்து நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா கையில் இரண்டு பெரிய கடைப்பைகள். கப்பலுக்கும் துறை மேடைக்கும் நடுவில் பத்தடி தண்ணீர் விழுந்திருந்தது. அந்த அம்மா பைகளைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த துறைமுகத்துக்குப் போய்ச் சேரும் செலவு முழுக்க அவர்களுடையது.

கப்பல் டூரில் போனவர்கள் வழியில் மாட்டிக்கொண்டால் கைடு நேராக எங்கள் கவுண்டருக்குப் போன் செய்வார், நாங்கள் கேப்டனுக்குச் சொல்வோம். கப்பல் நிற்கும். நிற்கவே முடியாத நிலை என்றால் கம்பெனியே தன் செலவில் அடுத்த ஊரில் கொண்டுவந்து சேர்க்கும். டூருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி இந்த உறுதிக்குத்தான்.

தனியாகப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். தினமும் அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளில் துறைமுக ஏஜெண்டின் பெயரும் எண்ணும் இருக்கும். இறங்கும் முன் அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஏற வேண்டிய நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே துறைமுக வாசலில் இருங்கள்.

கே.கே. நகர், ஓய்வு பெற்ற ஆசிரியர்: தம்பி, எனக்கு 68, மனைவிக்கு 64. அவளுக்கு முழங்கால் வலி. இருவரும் சைவம். கப்பல் ரோமில் நிற்கும் என்று போட்டிருக்கிறார்கள். மகன் ரயிலில் போகலாம், ஈசி என்கிறான்.

சார், கப்பல் ரோமில் நிற்காது. சிவிட்டாவெக்கியா என்ற துறைமுகத்தில் நிற்கும். அங்கிருந்து ரோம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். மதுரை வந்தாச்சு என்று சொல்லித் திண்டுக்கல்லுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்ட மாதிரி. பாங்காக், பிளாரன்ஸ், பாரிஸ் என்று பட்டியலில் இருப்பதும் இப்படித்தான். லெ ஆவ்ர் துறைமுகத்தில் இருந்து பாரிசுக்கு 200 கிலோமீட்டர் ஆகும். அதனால் பட்டியலில் ஊர் பெயரைப் பார்க்காமல் துறைமுகத்தின் பெயரைப் பார்த்து, அதற்கும் ஊருக்கும் உள்ள தூரத்தை மேப்பில் போட்டுப் பாருங்கள்.

மகன் சொல்வது அவர் வயதுக்குச் சரி. ரயில் ஒரு மணி நேரத்தில் போய்விடும். ஆனால் கப்பலில் இருந்து துறைமுக வாசலுக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஸ்டேஷன், டிக்கெட், ரோமில் இறங்கி மறுபடி மெட்ரோ. ரயில்வே வேலைநிறுத்தம் இத்தாலியில் அடிக்கடி வரும். நீங்கள் கப்பல் டூரே எடுங்கள் சார். இந்த ஊரில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

எந்த டூர் என்பதுதான் அடுத்த கேள்வி. ஒவ்வொரு டூருக்குப் பக்கத்திலும் எவ்வளவு நடை என்று குறி போட்டிருப்பார்கள். 'மிதமான நடை' என்று போட்டிருந்தால் அம்மாவுக்கு அது கடுமையான நடைதான். ரோமின் பழைய தெருக்கள் முண்டும் முடிச்சுமான கற்கள். பஸ்ஸிலேயே சுற்றிக் காட்டி இரண்டு மூன்று இடத்தில் மட்டும் இறக்கும் டூர் இருக்கும், அதைக் கேளுங்கள். அல்லது ஊர் வரை கொண்டுபோய் விட்டு, குறித்த நேரத்தில் திரும்ப ஏற்றிக்கொள்ளும் பஸ் மட்டும் விற்பார்கள். அதுவும் கப்பல் ஏற்பாடுதான், விலை குறைவு, லேட்டானால் கப்பல் காத்திருக்கும். உங்கள் இருவருக்கும் எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. இஷ்டம்போல் உட்கார்ந்து எழுந்து பார்க்கலாம்.

சாப்பாடு சேர்ந்த டூர் என்றால், 'சைவம்' என்று மட்டும் சொன்னால் மீன் வந்து நிற்கக்கூடும். மீன், முட்டை, மாமிச சூப் எதுவும் கூடாது என்று எழுதியே கொடுங்கள், அதுவும் முதல் நாளே.

தல்லாகுளத்தில் இருந்து ஒரு மாணவர்: கப்பல் டூரில் போனால் விசா தேவையில்லை என்கிறார்களே?

பொதுவாக அப்படி இல்லை தம்பி. தனியாக இறங்கினாலும் டூரில் இறங்கினாலும் விசா விதி ஒன்றுதான். இறங்கவே போவதில்லை என்றாலும், வழியில் உள்ள நாட்டுக்கு விசா இல்லை என்று கப்பல் ஏறும் இடத்திலேயே திருப்பி அனுப்பிவிடலாம். சிங்கப்பூரில் ஏறி அங்கேயே திரும்புகிறவர்களுக்குப் பலமுறை நுழையும் விசா வேண்டும். மலேசியா 2023 டிசம்பரில் இருந்து இந்தியர்களை விசா இல்லாமல் அனுமதிக்கிறது. அது காலக்கெடு வைத்த சலுகை, போகும் மாதத்து நிலவரத்தைப் பாருங்கள்.

சிம்மக்கல்லில் கடை வைத்திருப்பவர்: போர்ட் கிள்ளானில் கப்பல் நிற்கும் நாளில் பத்துமலை முருகனைப் பார்த்தே ஆக வேண்டும். நாங்கள் நான்கு பேர்.

தாராளமாகத் தனியாகப் போங்கள் அண்ணே. கப்பல் நிற்கும் இடம் புலாவ் இண்டா என்கிற தீவுப்பக்கம். கிள்ளான் ரயில் ஸ்டேஷன் அங்கிருந்து தள்ளி இருக்கிறது, அதனால் ரயிலை மறந்துவிடுங்கள். போகவும் வரவும் காத்திருக்கவும் சேர்த்து ஒரே காரைப் பேசிக்கொள்ளுங்கள். போன இடத்தில் திரும்பி வரக் கார் தேடுவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். காசையும் திரும்பி வந்த பிறகே கொடுங்கள். பத்துமலை கோலாலம்பூருக்கு வடக்கே இருக்கிறது. நகரத்து நெரிசலைத் தாண்டித்தான் வர வேண்டும், மதியத்துக்கு மேல் அது கூடும். அதனால் காலையில் முதலில் முருகன், 272 படி. வெயில் ஏறும் முன் ஏறி இறங்கிவிடலாம். இரட்டைக் கோபுரத்தை நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்.

விளாங்குடியில் இருந்து ஒரு தங்கச்சி: அண்ணா, அதே டூரை ஆன்லைனில் பாதி விலைக்குப் போட்டிருக்கிறார்களே, அது எப்படி?

பல ஊர்களில் இரண்டையும் நடத்துவது உள்ளூர் ஆட்கள்தான், கப்பல் கம்பெனி தன் பங்கை மேலே வைத்து விற்கிறது. நாற்பது பேர் பஸ்ஸுக்குப் பதில் பத்துப் பேர் வேன் கிடைக்கும், நகைக்கடை, கம்பளிக்கடை நிறுத்தங்களும் குறையும். எனக்கு இவர்கள் மேல் நல்ல அபிப்பிராயம்தான். பதிவு செய்யும் முன் இரண்டு விஷயம் பார். கடல் சரியில்லை என்று கப்பல் அந்த ஊரில் நிற்காமலே போனால் பணம் முழுசாகத் திரும்புமா? போய்வந்தவர்கள் எழுதியதில் 'நேரத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள்' என்ற வரி இருக்கிறதா? கப்பலிலேயே வாங்கிய டூர் என்றால் முதல் பிரச்சினை வராது, காசு தானாகக் கணக்கில் திரும்பிவிடும்.

மேலூரில் இருந்து ஒரு அம்மா: சென்னையில் ஏறி இலங்கை போகும் கப்பலில் திருகோணமலை வருகிறதாம். கோணேசுவரர் கோயிலுக்கு நாங்களாகப் போகலாமா?

போகலாம்மா. சம்பந்தர் பாடிய தலம். பிரெடெரிக் கோட்டைக்குள், கடலைப் பார்த்த பாறை உச்சியில் இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் தமிழில் பேசி ஏறலாம், தமிழ் நடமாடும் ஊர் என்பதால் உங்களுக்குக் கப்பல் கைடு தேவைப்படாது. பகலில் நடை சாத்தும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் டாக்ஸி ஓட்டும் ஒருவர்: அண்ணே, தூத்துக்குடியில் வெளிநாட்டுக் கப்பல் ஒன்று நிற்கப்போகிறதாம். அதில் வரும் எட்டுப் பேர் கப்பல் டூர் வேண்டாம் என்று சொல்லி, மீனாட்சியம்மன் கோயில் பார்க்க என் வேனைப் பேசியிருக்கிறார்கள். காலை ஏழரைக்குக் கிளம்பி, சாயங்காலம் ஐந்தரைக்குள் கப்பலில் ஏற வேண்டுமாம். எப்படிக் கொண்டுபோவது?

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன் தம்பி. இத்தனை ஊருக்கு நாம் பயந்த பயம், அன்றைக்கு அவர்களுக்கு நம் ஊரைப் பார்த்து இருக்கும்.

எட்டயபுரம், அருப்புக்கோட்டை வழியாக இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள். பத்து மணிக்குக் கோயில். பகல் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பு, அதனால் வழியில் காபிக்கு நிறுத்தினாலும் பத்து நிமிடம்தான். போன், கேமரா எல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும், உள்ளே விடமாட்டார்கள். தோளும் முழங்காலும் மறைய வேண்டும், நாலைந்து வேட்டி துண்டு வண்டியில் போட்டுக்கொள். கருவறைப் பக்கம் அவர்களால் போக முடியாது என்பதை முன்னாலேயே சொல்லிவிடு, உள்ளே போய் ஏமாறக் கூடாது. ஆயிரங்கால் மண்டபத்தில் நிறைய நேரம் கொடு. பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்துவிடுங்கள்.

அப்புறம் சாப்பாடு, காரம் குறைத்து. பின்பு திருமலை நாயக்கர் மகால். துறைமுகத்துக்குள் உன் வண்டி பாஸ் இல்லாமல் போகாது, வாசலில் எந்த இடத்தில் இறக்குவாய் என்று காலையிலேயே காட்டிவிடு. நாலரைக்கு அந்த வாசலில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னாலிருந்து கணக்குப் போடு. எலியார்பத்தி டோலில் கூட்டம் இருந்தாலும் தாங்கும். வண்டி ஏறும்போதே 'நாலரைக்கு வாசலில் விடுவேன்' என்று சொல்லிவிடு, அவர்கள் நாள் முழுக்க நிம்மதியாக இருப்பார்கள். ஜிகர்தண்டா கேட்டால் விளக்குத்தூண் பக்கமே வாங்கிக் கொடுத்துவிடு. இரண்டு மணிக்கு வண்டி நகர்ந்துவிட வேண்டும்.