ஹெர்குலிஸ் பாதியில் முட்டி நிற்கிறதா? பின்பக்கம் சுற்றாதீர்கள்

வணக்கம் நண்பரே. மூன்று மாதம் சும்மா நின்ற பிரிஸ்டல் ஹெர்குலிஸ் விமான எஞ்சினின் புரொப்பெல்லரைக் கையால் சுற்றினால் பாதியில் முட்டுகிறது, பின்பக்கம் சுற்றி விடுவிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

14 சிலிண்டர்களும் வட்டமாக அமைந்த எஞ்சின். நிற்கும்போது எண்ணெய் வடிந்து அடிச் சிலிண்டர்களில் தேங்கிவிடும். எண்ணெய் அமுங்காது, பலவந்தம் செய்தால் பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் தண்டான கனெக்டிங் ராட்தான் வளையும். வளைந்த ராட் அன்றைக்கே உடையாமல், பிறகொரு நாள் நடுவானில் உடையலாம், அதுதான் பயம். பின்னால் சுற்றினால் எண்ணெய், காற்றும் எரிபொருளும் வரும் இன்டேக் குழாய்க்குள் போய், ஸ்டார்ட் செய்யும்போது திரும்பவும் சிலிண்டருக்குள் வரும்.

பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோக்களை அணைத்துவிட்டு, கீழ்ச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி அடியில் தட்டு வையுங்கள். கறுப்பாக, நூல் மாதிரி இறங்கும். சொட்டு நிற்கும்வரை பொறுங்கள். அப்புறம் சுழல வேண்டிய திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். ஏற்கெனவே யாராவது முரட்டுத்தனமாகத் தள்ளியிருந்தால், ராடுகளைச் சோதிக்காமல் ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். இரண்டாம் உலகப் போரின் பியூஃபைட்டர் போர் விமானத்தைச் சுமந்த எஞ்சின் அது, பத்திரம்.